எறும்பு விரட்டும் குறிப்புகள்: ஒரு விமரிசனம்

வார, மாத இதழ்களில் வீட்டுக் குறிப்பு என்று ஒரு பகுதி வருவதை வாசகர்கள் அறிவர். துணியில் படிந்த கறை, தீய்ந்த பாத்திரம், புளித்த மாவு என்று எத்தனையோ சங்கதிகளுக்கு அங்கே வழி சொல்லப்படும். இவற்றுள் எறும்புக்குத் தனி இடமுண்டு. உப்பைத் தூவுங்கள், மஞ்சள் தூளைக் கொட்டுங்கள், கற்பூரம் வையுங்கள், பெருங்காயத்தைக் கரைத்து ஊற்றுங்கள், சாக்குக் கட்டியால் கோடு போடுங்கள், ரவையைத் தூவுங்கள், கொதிநீர் ஊற்றுங்கள், மண்ணெண்ணெய் தெளியுங்கள் என்று ஒரே குறிப்புகள்தாம் ஆண்டுக்கணக்காகச் சுற்றிச் சுற்றி வருகின்றன. இப்போது கைப்பேசியிலும் வருகின்றன. சமையல் குறிப்பைச் செய்து பார்த்து, உப்பு கூடிற்று, பதம் தப்பிற்று என்று குறை சொல்ல நம் வீடுகளில் ஆளுண்டு. எறும்புக் குறிப்பை யாரும் அப்படி உரைத்துப் பார்ப்பதில்லை. எறும்பு அன்றைக்கு மறைந்தால் குறிப்பு பலித்தது. மறுநாள் வேறு மூலையில் வந்தால் அது வேறு எறும்பு! இந்தக் குறிப்புகளை உயிரியல் என்ற உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

பெண்ணாடம் போன்ற ஊர்களில் இது பொழுதுபோக்கான ஆராய்ச்சி அன்று. கடலூர் மாவட்டத்தின் மேற்கே வெள்ளாற்றங்கரையில் அமைந்த ஊர் அது. சுற்று வட்டாரம் கரும்புக்குப் பேர் போனது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பிடித்து வளைகளில் நீர் புகுந்தால், எறும்புகள் முட்டைகளையும் புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் வாயில் கவ்விக்கொண்டு மேட்டை நாடிப் புறப்படும். வீட்டுச் சுவரைவிட நல்ல மேடு அவற்றுக்கு ஏது? பங்குனி, சித்திரையிலோ ஈரத்தைத் தேடித் தண்ணீர்ப் பானையின் அடிக்கு வரும். ஆக, ஆண்டில் பாதி நாள் வீட்டில் எறும்பு. உழவர் வீடுகளில் இன்னொன்றும் உண்டு: வயலுக்கு வாங்கிய பூச்சி மருந்தில் மீந்தது, தாழ்வாரத்து மூலையிலோ பரண் மேலோ இருக்கும். எறும்பும் அந்த மருந்தும் ஒரே கூரையின் கீழ் சந்திப்பதுதான் கவலைக்குரியது. அதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் எறும்பைப் பற்றிச் சிறிது. அடுக்களைச் சுவரில் சாரையாகப் போகிறவை எல்லாம் வேலைக்கார எறும்புகள். அவை அனைத்தும் பெண்கள். ஆனால் குலத்தைப் பெருக்குவது அவற்றின் வேலை அன்று. முட்டையிடும் இராணி வளைக்குள்ளேயே கிடக்கும். சில இனங்களில் ஒரு வளையில் பல இராணிகள் இருக்கும். வேலைக்காரிகளிலும் எல்லாம் வெளியே வருவதில்லை. இளையவை உள்ளே புழுக்களைப் பேணும். வயதானவைதான் இரை தேட வெளியே அனுப்பப்படும். நாம் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளுவது, எப்படியும் சில நாளில் சாகப் போகிற கிழவிகளை! உள்ளே நாள்தோறும் புதியவை பிறந்துகொண்டிருக்கும். எனவே ஒரு குறிப்பை எடை போட ஒரு கேள்வி போதும். அது வளைக்குள் இருக்கும் இராணியையும் புழுக்களையும் எட்டுகிறதா? எட்டாவிடில், வழியையாவது உருப்படியாக அடைக்கிறதா?

வழி என்பது என்ன? இரை கண்ட எறும்பு, வளைக்குத் திரும்பும்போது வயிற்றின் நுனியைத் தரையில் தொட்டுத் தொட்டு ஒரு வேதிப்பொருளைப் பூசிக்கொண்டே போகிறது. பின்னால் வருபவை அந்த மணத்தை உணர்கொம்பால் முகர்ந்து அதே தடத்தில் நடக்கின்றன; தாமும் பூசுகின்றன. அமெரிக்க உயிரியலறிஞர் எட்வர்ட் வில்சன் 1959-இல் இதை மிக எளிய முறையில் மெய்ப்பித்தார். நெருப்பெறும்பின் வயிற்றிலுள்ள ஒரு நுண்ணிய சுரப்பியை எடுத்து நசுக்கி, அதனால் ஒரு கோடு இழுத்தார். இரையே இல்லாத அந்த வெறுங்கோட்டின் மேல் எறும்புகள் திரண்டு வந்து நடந்தன.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு குறிப்புகளைப் பார்த்தால் பாதிக்கு மேல் விளங்கிவிடும். மஞ்சள், கற்பூரம், பெருங்காயம், பட்டைத் தூள் ஆகியவை கடுமணம் உள்ளவை. தடத்தின் மேல் கொட்டினால் பாதை மறைந்து எறும்பு தடுமாறும், சாரை கலையும். இல்லத்தரசி மகிழ்கிறாள். ஆனால் இரை அங்கேயே இருக்கிறது, வளையும் அங்கேயே இருக்கிறது. ஒரு மணி நேரத்திலோ ஒரு நாளிலோ வேறு தடம் உருவாகும். உப்புக்கு இந்த மணம்கூட இல்லை; கனமாகக் கொட்டினால் ஒரு கரை போல நிற்கும், அவ்வளவே. இவற்றைவிடச் சோப்பு நீரில் நனைத்த துணி மேலானது. அது தடத்தை அடியோடு கழுவிவிடும், மேலே போகிற எறும்புகளையும் கொல்லும், செலவும் இல்லை. ஏனோ இதைக் குறிப்பு எழுதுபவர்கள் அதிகம் விரும்புவதில்லை. துடைப்பதில் புதுமை என்ன இருக்கிறது என்று நினைக்கிறார்களோ என்னவோ.

ரவைக் குறிப்பு தனியே சிரிக்கத் தக்கது. ரவையைத் தின்ற எறும்பின் வயிற்றில் அது ஊதி, எறும்பு வெடித்துச் சாகுமாம். வளர்ந்த எறும்பால் திடப் பொருளை விழுங்கவே முடியாது. அதன் வாய்க்குள் உள்ள சல்லடை போன்ற அமைப்பு நீர்மத்தை மட்டுமே உள்ளே விடும். ரவையை அது தூக்கிக்கொண்டு போவது தன் வயிற்றுக்காக அன்று. உள்ளே இருக்கும் புழுக்களுக்காக. புழுக்கள் அதைச் செரித்து, சாறாக மாற்றித் திருப்பித் தரும். ரவை தூவுகிறவர் எறும்புப் பண்ணைக்குத் தீவனம் போடுகிறார். வாசலில் அரிசி மாக்கோலம் இட்டால் எறும்பு அங்கேயே தின்று வீட்டுக்குள் வராமல் நின்றுவிடும் என்ற பேச்சும் இவ்வகையே. கோலம் அழகுக்கு, பிற உயிருக்கு ஒரு வாய் உணவு என்ற நல்லெண்ணத்துக்கு. எறும்பைத் தடுக்க அன்று.

கொதிநீர் ஓரளவு பயனுள்ளது. முற்றத்து மண்ணில் வளை தோண்டியிருக்கும் சிவப்பு நெருப்பெறும்புக்குப் பெரிய பாத்திரம் நிறையக் கொதிநீரை ஒரே இடத்தில் ஊற்றினால், இராணி மேலே இருக்கும் வேளையானால் கூட்டம் அழியும். இல்லையேல் மீண்டும் மீண்டும் ஊற்ற வேண்டும். செடியின் வேர் அருகில் ஊற்றினால் செடி போகும். சுவர் வெடிப்பில் குடியிருக்கும் எறும்புக்கு இது ஆகாது. மண்ணெண்ணெயைப் பற்றி ஒரு வரி போதும்: அடுப்பு எரிகிற வீட்டில் அதைத் தெளிப்பவர் எறும்பை மறந்து தீயை நினைக்க வேண்டும்.

சாக்குக் கட்டியும் வெள்ளைத் தூளும்

சாக்குக் கட்டி பலிக்கிறதே என்பார்கள். பலிக்கத்தான் செய்யும், அதில் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற செயற்கைப் பூச்சிகொல்லி கலந்திருக்கிறது. கோட்டைக் கடந்த எறும்பின் நரம்புகள் செயலிழந்து அது துடித்துச் சாகும். ஆனால் செத்தது மறுபடியும் அந்தக் கிழவிதான். அது மட்டுமன்று. வீடுகளிலும் மருத்துவமனைகளிலும் இருக்கும் ஒரு வகைச் சின்ன மஞ்சள் எறும்பை ஆங்கிலேயர் பாரோ மன்னனின் பெயரால் அழைத்தனர். இரண்டு மில்லிமீட்டர்தான் நீளம். ஒரு வளையில் பல இராணிகள். மருந்து அடித்து இதைக் கலவரப்படுத்தினால், கூட்டம் பல துண்டுகளாகப் பிரிந்து ஒவ்வொன்றும் ஓர் இராணியுடனும் சில புழுக்களுடனும் வேறு வேறு வெடிப்புகளில் குடியேறிவிடும். ஒரு வளை இருந்த வீட்டில் நான்கு வளை! எவ்வளவு மருந்து போட்டும் எறும்பு கூடுகிறதே என்று அலுத்துக்கொள்ளும் பல வீடுகளில் நடப்பது இதுவாக இருக்கலாம்.

சாக்குக் கட்டியின் பெரிய குறை அதன் உருவம். பள்ளியில் எழுதும் சாக்குக் கட்டியும் இதுவும் குழந்தையின் கண்ணுக்கு ஒன்றே. நச்சுப் பொருளை விளையாட்டுப் பொருளின் வடிவில் செய்வது எவ்வளவு பெரிய அறியாமை! அதைத் தரையில் கோடாகப் போட்டால், அந்தத் தரையில் தவழ்வது யார்? தூளிக் கயிற்றில் எறும்பு ஏறுகிறது என்று அங்கே மருந்து தடவுவதும் கூடாத செயல். கயிற்றின் மேல்முனையில் எண்ணெய் தோய்ந்த துணியைச் சுற்றினாலே எறும்பு தயங்கும்.

இனி வெள்ளைத் தூள். ஒரு தலைமுறைக்கு முன், எறும்புப் பொடி என்றால் கிராமத்தில் கமாக்சின் என்று பொருள். பி.எச்.சி. என்ற வேதிப்பொருளின் தூள் அது. மைக்கேல் பாரடே 1825-லேயே ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிய பொருள். பூச்சியைக் கொல்லும் என்பது ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்தே தெரிந்தது. கரும்புக் கரணையைக் கரையான் அரிக்காமலிருக்க வயலில் இட்ட அதே தூள், மீந்தவுடன் வீட்டுக்கு வந்தது. வாசற்படியில் கோடாக விழுந்தது. அரிசிப் பானையைச் சுற்றியும் விழுந்தது. அது எளிதில் சிதையாது. மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும். பாலிலும் கொழுப்பிலும் சேரும். இந்தியாவில் 1997 ஏப்ரல் முதல் பி.எச்.சி. தடை செய்யப்பட்டது. அதன் வீரியக் கூறாகிய லிண்டேனின் பயன்பாட்டுக்கும் 2013-இல் தடை வந்தது. பொருள் போயிற்று, பெயர் போகவில்லை. பழைய பெயரைச் சொல்லி எறும்பு மருந்து கேட்பவருக்கு இன்று பொட்டலத்தில் கட்டித் தரப்படுவது என்ன என்பது, உறையும் சீட்டும் இல்லாதவரை வாங்குபவருக்குத் தெரியப்போவதில்லை.

இது வீண் அச்சமன்று. 1958-இல் கேரளத்தில் பாரத்தியான் என்ற பூச்சிகொல்லி கலந்துவிட்ட கோதுமை மாவைத் தின்று 100 பேருக்கு மேல் இறந்தனர். இந்தியாவில் பூச்சி மருந்தால் நேர்ந்த பெருவிபத்துகளில் முதலில் பேசப்படுவது அது. 2013 ஜூலையில் பீகாரின் சாரன் மாவட்டத்துப் பள்ளியொன்றில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் மாண்டனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் இருந்தது. இரண்டிலும் எறும்புக்கு இடமில்லை. ஆனால் உணவும் நஞ்சும் ஒன்றையொன்று தொடும் தூரத்தில் இருந்தன. வயல் மருந்தை ஒரு பழைய டப்பாவில் கொட்டி, எறும்புக்கு ஆகும் என்று மாவு டப்பாவின் பக்கத்தில் வைக்கிற வீட்டிலும் அந்தத் தூரந்தான் இருக்கிறது. வயலுக்கு உரிய தூளோ குருணையோ எதுவானாலும் வீட்டு எறும்புக்கு அதைத் தொடவே கூடாது. இந்த விஷயத்தில் குறிப்பு எழுதுபவர்கள் வாய் திறக்காமலிருப்பதுதான் அவர்கள் மேல் என் முதல் குற்றச்சாட்டு.

நல்ல குறிப்பு கெட்ட விதம்

வளைக்குள் எட்டும் வழி இல்லையா? இருக்கிறது, அதுவும் இந்தக் குறிப்புகளுக்குள்ளேயே மறைந்து கிடக்கிறது. சர்க்கரையுடன் போரிக் பவுடரைக் கலந்து வையுங்கள் என்று ஒரு குறிப்பு அவ்வப்போது வரும். கேரம் பலகையில் காய் வழுக்க நாம் தூவுகிற அதே பவுடர். எறும்புக்கு இரண்டு வயிறு உண்டு என்று சொல்லலாம். ஒன்று தனக்கு, மற்றொன்று கூட்டத்துக்கு. இனிப்பு நீரைப் பொது வயிற்றில் நிரப்பிக்கொண்டு வளைக்குத் திரும்பும் எறும்பு, எதிர்ப்படும் ஒவ்வொன்றின் வாயிலும் வாய் வைத்து ஊட்டும். அது இன்னொன்றுக்கு ஊட்டும். இப்படியே இராணி வரை, புழு வரை போகும். போரிக் அமிலம் மெதுவாகக் கொல்வது. அதன் சிறப்பே அந்த மெத்தனந்தான்.

குறிப்பு எழுதுபவர் கெடுப்பது இங்கேதான். பாதி சர்க்கரை, பாதி பவுடர் என்று எழுதிவிடுகிறார். மருந்து கூடினால் எறும்பு அதைத் தொடாது. தொட்டாலும் வீடு போய்ச் சேருமுன் சாகும். ஊட்ட ஆளில்லை. ஆய்வுகளில் நன்கு பலித்த அளவு ஒரு சதவீதத்துக்கு மேற்படாது. அரை லிட்டர் வெந்நீரில் 50 கிராம் சர்க்கரையும் 5 கிராம் போரிக் பவுடரும் கரைத்தால் அந்த அளவு கிடைக்கும். ஒரு வீட்டுக்கு இதுவே மிகுதி. கால் பங்காகச் செய்துகொள்ளலாம். பஞ்சில் நனைத்து, மூடியில் சிறு துளையிட்ட டப்பாவுக்குள் வைத்து, சாரையின் ஓரத்தில், குழந்தைக்கும் நாய் பூனைக்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். முதல் இரண்டு நாள் எறும்பு மொய்க்கும். பார்க்கச் சகிக்காமல் துடைத்துவிடக் கூடாது. பக்கத்தில் வேறு மருந்தும் அடிக்கக் கூடாது. புதுக் கரைசலை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்றி வந்தால், ஓரிரு வாரத்தில் சாரை மெலியும்.

எச்சரிக்கை இதற்கும் வேண்டும். குழந்தைகளின் அரைப்புண்ணுக்கு முன்பு போரிக் பவுடர் தூவுவார்கள். அதனால் உடலில் நஞ்சேறி இறந்த குழந்தைகள் உண்டு. ஆகவே கரைசல் பாட்டிலில் பெரிதாக எழுதி ஒட்டி, அடுக்களைக்கு வெளியே வைக்க வேண்டும். எல்லா எறும்பும் இனிப்பை நாடுவதும் இல்லை. ஒரு துளி சர்க்கரை நீரையும் ஒரு துண்டு கருவாட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கருவாட்டுக்குப் போகிறவை இந்தக் கரைசலுக்கு மசியா. மாணவர்கள் செய்து பார்க்க இது நல்ல சோதனை. ஒரே வீட்டில் கார்த்திகையிலும் சித்திரையிலும் செய்தால் விருப்பம் மாறுவதைக்கூடக் காணலாம்.

வீட்டுக்கு வெளியே

எல்லா எறும்பையும் ஒழிக்க வேண்டும் என்று குறிப்புகள் எண்ணுவது இன்னொரு குறை. பிள்ளையார் எறும்பு கடிப்பதில்லை. அதைக் கொல்ல மனம் வராமல் நம் பாட்டிமார் விட்டது நல்லதே. கரையானுக்கு எறும்பைப் போன்ற எதிரி வேறில்லை. தோட்டத்து மண்ணில் மருந்து கொட்டி எறும்பை அழித்தவர், அடுத்த ஆண்டு நிலைக்கதவைக் கரையான் அரிக்கிறது என்று மீண்டும் மருந்து தேடினால் வியப்பில்லை. மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு, முந்திரியின் தளிரைக் கருக்கும் தேயிலைக் கொசுவைப் பிடித்துத் தின்னும் என்பது ஆஸ்திரேலிய ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது. பெண்ணாடத்துக்கு அடுத்த விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புக்காரர்களுக்கு இது பொருளுள்ள செய்தி. கொட்டை பொறுக்குகிறவர்களை அது கடிக்கும் என்பதும் உண்மைதான்.

ஆனால் விட்டுவைக்க முடியாத எறும்பும் உண்டு. திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்துக் கரந்தமலை அடிவாரத்தில் 2022-இல் மஞ்சள் நிற எறும்புகள் பெருகி, ஏழு கிராமங்களுக்குப் பரவிய செய்தியைப் பலர் படித்திருப்பார்கள். தாறுமாறாக ஓடுவதால் பைத்தியக்கார எறும்பு என்று பெயர் பெற்ற இனம். இது கொட்டாது, பார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். ஆடு மாடுகளின் கண்கள் பாதிக்கப்பட்டன. மலையடிவாரத்தில் தங்கி மேய்ச்சல் பார்த்தவர்கள் இடம் பெயர்ந்தனர். இங்கே மஞ்சள் தூளும் சாக்குக் கட்டியும் என்ன செய்யும்?

இதே எறும்பு இந்தியப் பெருங்கடலிலுள்ள கிறிஸ்துமஸ் தீவில் 1989 முதல் மாபெரும் கூட்டங்களாகப் பெருகி, அத்தீவின் சிவப்பு நண்டுகளைக் கோடிக்கணக்கில் கொன்றது. ஹெலிகாப்டரிலிருந்து நச்சு இரை தூவினார்கள், குறைந்தது, மீண்டும் பெருகிற்று. அப்புறம் எறும்பு எதைத் தின்று இவ்வளவு பெருகுகிறது என்று பார்த்தார்கள். மரங்களில் ஒட்டியிருக்கும் அரக்குப்பூச்சி இனம் ஒன்று சுரக்கும் தேன்போன்ற கழிவுதான் அதன் பெருந்தீனி. அந்தப் பூச்சியைத் தாக்கும் மிகச் சிறிய குளவியை மலேசியாவிலிருந்து கொண்டுவந்து 2016-இல் விட்டார்கள். எறும்பை விட்டுவிட்டு எறும்பின் சோற்றில் கை வைத்தார்கள்.

நம் வீட்டிலும் அந்தச் சோறு உண்டு. கொல்லையில் உள்ள செம்பருத்தியின் கொழுந்தைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சாக மாவுப்பூச்சி. அதைச் சுற்றி எறும்பு. மாவுப்பூச்சியின் இனிப்புக் கழிவை உண்டு, பதிலுக்கு அதன் பகைவர்களை எறும்பு விரட்டுகிறது. அந்தச் செடியின் கிளை சன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் அடுக்களைக்கு அதுவே பாலம். கிளையை வெட்டி, மாவுப்பூச்சி மொய்த்த கொழுந்தைக் கிள்ளி எரித்து, சோப்பு நீர் தெளித்தால் எறும்புத் தொல்லையில் ஒரு பகுதி அங்கேயே தீரும். இத்தனை வீட்டுக் குறிப்புகளில் செம்பருத்திச் செடியைப் பற்றி ஒன்றும் நான் படித்ததில்லை.

பழைய வழக்கங்களில் உறியும், அலமாரிக் கால்களுக்கு அடியில் வைக்கும் நீர்க் கிண்ணமும் இன்றும் தேறுகின்றன. இவை எறும்பைக் கொல்வதில்லை. வழியை அடைக்கின்றன, அதுவும் நச்சில்லாமல். கிண்ணத்தில் மட்டும் ஒரு குறை. தேங்கிய அந்த நீரில் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். புழு கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒரு முறை நீரைக் கொட்டி, கிண்ணத்தின் உட்சுவரை நன்றாகத் தேய்த்துக் கழுவி, சிறிது சோப்பு கலந்த புது நீர் ஊற்றி வைக்க வேண்டும்.